எதை மாற்ற வேண்டும்? பெரிய திரையா, புதுக் கம்ப்யூட்டரா?



எங்கள் எழுத்தறிவு வகுப்பு தாராவியில் நடக்கிறது. இரவு எட்டு மணிக்கு ஆரம்பம். பத்துக்குப் பத்து அறை. பாய் விரித்து உட்காருவோம். வேலை முடித்த கையோடு எல்லோரும் வருவார்கள்.

அதில் ஓர் அக்கா உண்டு. ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரு நாள்கூட வகுப்புக்கு வராமல் இருக்க மாட்டார். அப்படிப்பட்டவர் மூன்று நாட்கள் வரவில்லை. நான்காம் நாள் வீட்டுக்குப் போனேன்.

அக்கா வீட்டு மாடியில் எம்பிராய்டரி மிஷின் ஓடுகிறது. துணியில் பூவும் பெயரும் போடும் மிஷின். லேப்டாப்பில் டிசைன் போடுவது அக்காவின் மகன். அந்த டிசைனை மிஷினில் ஏற்றினால், மிஷின் அப்படியே தைத்துவிடும்.

முன்பு அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இப்போது தமிழ் நன்றாகப் படிப்பார். ஆங்கில எழுத்துகளையும் கூட்டிப் படிப்பார். அதனால் வீட்டில் அவருக்கு ஒரு புது வேலை வந்தது. மிஷின் ஓடும் முன்பு லேப்டாப்பில் பெயரைப் பார்ப்பார். "சரி" என்று அவர் சொன்ன பிறகுதான் மிஷின் ஓடும். அதில் அக்காவுக்குப் பெருமை.

அந்த வாரம் பள்ளிச் சட்டைப் பைகள் வந்திருந்தன. மொத்தம் 80 பைகள். ஒவ்வொன்றிலும் பள்ளியின் பெயர் போட வேண்டும். 'ஸ்கூல்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஓ' என்ற எழுத்து இரண்டு முறை வர வேண்டும். டிசைனில் ஒன்றுதான் இருந்தது. அக்கா கவனிக்கவில்லை. 80 பைகளும் பிழையோடு தைக்கப்பட்டன. பள்ளிக்காரர் வாங்க மறுத்துவிட்டார். துணிக்கு மட்டும் 2,400 ரூபாய் நஷ்டம்.

"நான் படிச்சு என்ன பிரயோஜனம், டீச்சர்? எழுத்து தெரியும். ஆனா கண்ணுக்குத் தெரியலையே" என்றார் அக்கா.

கடைக்காரர் ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். "இந்த லேப்டாப் சின்னது. ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர் வாங்குங்கள். பெரிய திரை. விலை 48,000 ரூபாய்" என்று. அக்காவின் கையில் 8,000 ரூபாய் இருந்தது. மீதிக்கு வளையலை அடகு வைக்க நினைத்திருந்தார்.

"அக்கா, ஒரு வாரம் பொறுங்க. முதலில் எது கெட்டிருக்குன்னு பார்ப்போம்" என்றேன்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் என்ன என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டரில் முக்கியமானவை மூன்று.

ஒன்று, மூளை. கணக்குப் போடுவதும், டிசைனை நினைவில் வைப்பதும் இதன் வேலை. இது ஒரு பெட்டிக்குள் இருக்கும்.

இரண்டு, திரை. இதை மானிட்டர் என்கிறோம். மூளை சொல்வதை இது காட்டும். இது தானாக யோசிக்காது.

மூன்று, கை. எழுத்து அடிக்கும் கீபோர்டும், நகர்த்தும் மவுசும்தான் அந்தக் கை.

லேப்டாப்பில் இந்த மூன்றும் சேர்ந்து மடக்கும்படி இருக்கும். ஆல்-இன்-ஒன் என்றால் திரையின் முதுகுக்குள்ளேயே மூளை இருக்கும். தனிப் பெட்டி கிடையாது. பார்த்தால் டி.வி. மாதிரி தெரியும்.

இது புதிய யோசனை அல்ல. 1984-ல் அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி மெக்கின்டாஷ் என்ற கம்ப்யூட்டரை விற்றது. அதில் திரையும் மூளையும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. திரையின் அளவு வெறும் 9 இஞ்சு. 1998-ல் அதே கம்பெனி ஐமேக் என்ற கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தது. அதுவும் ஒரே பெட்டிதான். இன்று பல கம்பெனிகள் ஆல்-இன்-ஒன் செய்கின்றன.

மானிட்டர் தனியாகவும் கிடைக்கும். அதை லேப்டாப்போடு ஒரு வயரால் இணைக்கலாம். லேப்டாப்பில் தெரிவது அப்படியே பெரிய திரையில் தெரியும். லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

அக்கா முன்னால் இருந்தவை இந்த இரண்டு வழிகள்தான். திரையை மட்டும் வாங்குவதா? கம்ப்யூட்டரையே புதிதாக வாங்குவதா?

செலவில்லாத சோதனைகள்

காசு செலவழிக்கும் முன்பு நாங்கள் மூன்று சோதனைகள் செய்தோம்.

முதல் சோதனை கண்ணுக்கு. அக்காவுக்கு வயது 46. நாற்பது வயதுக்கு மேல் பலருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். இதைத்தான் நம் பெரியவர்கள் 'வெள்ளெழுத்து' என்றார்கள். இது பயப்படும் நோய் இல்லை. கண்ணாடி போட்டால் சரியாகத் தெரியும். சயான் ஆஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது. அக்கா அங்கே போனார். வெள்ளெழுத்து இருந்தது. கண்ணாடி வாங்கினார்.

இரண்டாம் சோதனை எழுத்துக்கு. கீபோர்டில் 'கன்ட்ரோல்' என்ற பட்டனை அழுத்திக்கொண்டு, கூட்டல் குறியை அழுத்தினால் பல இடங்களில் எழுத்து பெரிதாகும். டிசைனையும் பெரிதாக்கிப் பார்த்தோம். எழுத்து நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஒரு குறை. பெரிதாக்கினால் பாதி டிசைன் திரைக்கு வெளியே போய்விடுகிறது. முழுப் பெயரையும் ஒரே பார்வையில் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் சோதனை மூளைக்கு. லேப்டாப் 2022-ல் வாங்கியது. "டிசைன் திறக்க நேரம் ஆகுதா? நடுவில் நின்னு போகுதா?" என்று தம்பியிடம் கேட்டேன். "இல்லக்கா, நல்லாத்தான் ஓடுது" என்றான்.

ஆக, என்ன தெரிந்தது? கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். திரை சிறியது. மூளை நன்றாக இருக்கிறது. ஆல்-இன்-ஒன் வாங்கினால், நன்றாக இருக்கும் மூளைக்கு இன்னொரு முறை காசு கொடுப்பது போல ஆகும்.

டி.வி.யில் ஒத்திகை

அக்கா வீட்டில் 32 இஞ்சு டி.வி. இருக்கிறது. லேப்டாப்பின் ஓரத்தில் எச்.டி.எம்.ஐ. என்ற வயர் சொருகும் இடம் இருந்தது. டி.வி.யின் பின்னாலும் அதே போல் ஓர் இடம் இருந்தது. 300 ரூபாய்க்கு அந்த வயரை வாங்கி இரண்டையும் இணைத்தோம். டிசைன் டி.வி.யில் தெரிந்தது. மூன்று நாட்கள் அப்படியே வேலை செய்தார்கள்.

"பெரிசாத் தெரியுது டீச்சர். ஆனா ஓரமெல்லாம் சொரசொரன்னு இருக்கே?" என்று கேட்டார் அக்கா.

நல்ல கேள்வி. திரையில் தெரியும் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. எம்பிராய்டரியில் தையல் எப்படியோ, திரையில் புள்ளி அப்படி. சின்னப் பூவுக்குப் போடும் தையலை அதே எண்ணிக்கையில் பெரிய பூவுக்குப் போட்டால் என்ன ஆகும்? இடைவெளி விழும். துணி தெரியும். திரையும் அப்படித்தான். திரை பெரிதாகி, புள்ளி கூடாவிட்டால் எழுத்து சொரசொரப்பாகும்.

விலை குறைந்த 32 இஞ்சு டி.வி.க்கள் பலவற்றில் அகலத்தில் 1,366 புள்ளிகளும், உயரத்தில் 768 புள்ளிகளும் இருக்கும். 24 இஞ்சு மானிட்டர்களில் பொதுவாக அகலத்தில் 1,920 புள்ளிகளும், உயரத்தில் 1,080 புள்ளிகளும் இருக்கும். மானிட்டர் சிறியது, ஆனால் புள்ளி அதிகம். அதனால் எழுத்து கூர்மையாகத் தெரியும். மானிட்டர் அட்டைப் பெட்டியில் இந்த எண்கள் அச்சிட்டிருக்கும். படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இஞ்சு கணக்கு

'24 இஞ்சு' என்றால் எதன் அளவு? அகலமா? உயரமா? இரண்டும் இல்லை. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளக்கும் அளவு. அக்கா தையல் டேப்பை எடுத்து லேப்டாப்பைக் குறுக்காக அளந்தார். பதினைந்தரை இஞ்சுக்குச் சற்று மேல் இருந்தது.

அந்த லேப்டாப் திரையின் அகலம் சுமார் 34 சென்டிமீட்டர். உயரம் 19 சென்டிமீட்டர். 24 இஞ்சு மானிட்டரின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். உயரம் 30 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள். படம் தெரியும் பரப்பு இரண்டு மடங்குக்கும் அதிகம்.

அக்கா ஒரு பழைய அட்டையை 53-க்கு 30 என்று வெட்டினார். அதை மேஜை மேல் நிறுத்திப் பார்த்தார். மேஜையில் இடம் போதுமா, மிஷினில் இடிக்குமா என்று தெரிந்துவிட்டது. நம் வீடுகள் சிறியவை. வாங்கும் முன்பு இப்படி அட்டையை வைத்துப் பார்ப்பது நல்லது.

எங்கள் வீட்டுக் கதை

இப்போது என் கதையைச் சொல்கிறேன்.

என் தம்பி படிப்பதற்காக எங்கள் வீட்டில் ஓர் ஆல்-இன்-ஒன் வாங்கினோம். மாதத் தவணை. அழகாக இருந்தது. ஒரே ஒரு வயர்தான். எல்லோருக்கும் பிடித்திருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, வீட்டைப் பெருக்கும்போது அந்த வயர் என் காலில் மாட்டியது. கம்ப்யூட்டர் கீழே விழுந்தது. திரையில் விரிசல். பாதித் திரை கறுப்பானது. அதில் கம்பெனி மேல் குற்றம் இல்லை. தவறு என்னுடையது. கீழே விழுந்து உடைந்தால் வாரண்டியும் கிடையாது.

பழுது பார்ப்பவரிடம் எடுத்துப் போனோம். "உள்ளே மூளை நன்றாக இருக்கிறது. திரை மட்டும்தான் போச்சு. ஆனால் இந்த மாடலின் திரையைத்தான் போட முடியும்" என்றார். அவர் சொன்ன தொகை நாங்கள் வாங்கிய விலையில் பாதி. இன்னும் ஆறு மாதத் தவணை பாக்கி இருந்தது.

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்த நாள் 'டூ-இன்-ஒன்' ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? ரேடியோவும் டேப்பும் ஒரே பெட்டி. டேப் கெட்டால் ரேடியோவும் ரிப்பேர் கடைக்குப் போகும். ஆல்-இன்-ஒன்னும் அதே மாதிரிதான். சேர்த்து வாங்கியது சேர்ந்தே போகும்.

கடைசியில் என்ன செய்தோம்? அந்த ஆல்-இன்-ஒன்னில் படம் வெளியே போகும் வயர் சொருகும் இடம் இருந்தது. பழைய மானிட்டர் ஒன்றை வாங்கி, அதில் இணைத்தோம். தம்பி அதில்தான் படித்தான். உடைந்த திரை பின்னால், புதுத் திரை முன்னால். இடம்தான் அடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சொருகும் இடம் இரண்டு வகை. ஒன்று, படம் வெளியே போகும் இடம். இன்னொன்று, படம் உள்ளே வரும் இடம். படம் உள்ளே வரும் இடம் எல்லா ஆல்-இன்-ஒன்னிலும் இருக்காது. அது இல்லாவிட்டால், சில வருடம் கழித்து மூளை பழசானதும், நல்ல திரை இருந்தும் பயன் இல்லை. வேறு கம்ப்யூட்டரை அந்தத் திரையில் இணைக்க முடியாது. வாங்கும்போதே இதைக் கேளுங்கள்.

வட்டிக் கணக்கு

வகுப்பில் எல்லோரும் சேர்ந்து அக்காவுக்காக ஒரு கணக்குப் போட்டோம். கரும்பலகையில் எழுதியது அக்காதான்.

ஆல்-இன்-ஒன் விலை 48,000 ரூபாய். கையில் இருப்பது 8,000 ரூபாய். அடகு வைத்து வாங்க வேண்டியது 40,000 ரூபாய். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. அப்படியானால் மாத வட்டி 800 ரூபாய். ஒரு வருட வட்டி 9,600 ரூபாய்.

24 இஞ்சு மானிட்டர் விலை 9,500 ரூபாய். கீபோர்டும் மவுசும் 700 ரூபாய். எச்.டி.எம்.ஐ. வயர் 300 ரூபாய். மொத்தம் 10,500 ரூபாய்.

இவை எங்களுக்கு அப்போது சொன்ன விலைகள். நீங்கள் படிக்கும்போது விலை மாறியிருக்கும். நீங்கள் கேட்ட விலையை வைத்து இதே கணக்கைப் போடுங்கள்.

கணக்கை முடித்துவிட்டு அக்கா கொஞ்ச நேரம் கரும்பலகையையே பார்த்தார்.

"டீச்சர், ஒரு வருஷ வட்டியில ஒரு மானிட்டரே வந்திருமே!" என்றார்.

வளையல் கையிலேயே இருந்தது. வயர் முன்பே வாங்கியாயிற்று. குறைந்த பணத்துக்கு மகளிர் குழுவில் சிறு கடன் வாங்கினார்.

கடையில் கேட்க வேண்டியவை

மாஹிம் ஸ்டேஷனில் ஸ்லோ வண்டி ஏறி, கிராண்ட் ரோட்டில் இறங்கினோம். கிழக்குப் பக்கம் நடந்தால் லேமிங்டன் ரோடு. மும்பையில் கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பேர்போன தெரு அது. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். அதனால் சனிக்கிழமை போனோம். மூன்று கடைகளில் விலை கேட்டோம். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விலை.

நாங்கள் கேட்டவை இவை:

1. வாரண்டி எத்தனை வருடம்? பல மானிட்டர்களுக்கு மூன்று வருடம் தருகிறார்கள். ஆல்-இன்-ஒன்னுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான்.

2. எங்கள் லேப்டாப்பில் இருக்கும் சொருகும் இடமும், மானிட்டரில் இருக்கும் இடமும் ஒன்றுதானா? பழைய கம்ப்யூட்டர்களில் நீல நிறத்தில், 15 துளைகள் உள்ள வி.ஜி.ஏ. என்ற இடம் இருக்கும். அதற்கு வேறு வயர் வேண்டும். லேப்டாப்பைக் கையோடு கொண்டு போவது நல்லது.

3. பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா? இது இந்திய அரசின் தர நிர்ணய அமைப்பு தருவது. பொருளின் மேல் அச்சிட்டிருக்கும்.

4. ஜி.எஸ்.டி. பில் தருவீர்களா? பில்லில் பொருளின் எண் எழுதியிருக்கிறதா? பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டி கேட்பது கஷ்டம்.

5. இப்போதே போட்டுக் காட்டுவீர்களா? திரை முழுவதும் வெள்ளையாக வைத்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி, கோடு இருந்தால் வேறு கேளுங்கள்.

வாங்கிய பொருளில் குறை இருந்து, கடைக்காரர் கவனிக்காவிட்டால் என்ன செய்வது? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம்.

மின்சாரக் கணக்கையும் பார்த்தோம். அந்த மானிட்டரில் 25 வாட் என்று இருந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால் 200 வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட். அதாவது, ஐந்து நாளைக்கு ஒரு யூனிட். கரண்ட் பில்லைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

கரண்ட் போனால் மானிட்டர் அணையும். ஆனால் லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. அது ஓடும். செய்த வேலை அழியாது. பெரும்பாலான ஆல்-இன்-ஒன்னில் பேட்டரி கிடையாது. அதற்குத் தனியாக யு.பி.எஸ். வாங்க வேண்டும்.

ஆல்-இன்-ஒன் யாருக்கு நல்லது?

ஆல்-இன்-ஒன் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. எல்லோர் தேவையும் ஒன்றல்ல.

செம்பூரில் என் தோழி வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். அவரிடம் கம்ப்யூட்டரே இருந்ததில்லை. ஒரே ஒரு சிறிய மேஜை. வயர்கள் அதிகம் இருந்தால் பிள்ளைகள் இழுப்பார்கள். கேமராவும் ஒலிபெருக்கியும் திரையிலேயே வேண்டும். அவர் ஆல்-இன்-ஒன் வாங்கினார். சுவர் ஓரமாக வைத்து, வயரைச் சுவரோடு ஒட்டிவிட்டார். அவருக்கு அது சரி.

மாட்டுங்காவில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் நிலை வேறு. அவருடைய கம்ப்யூட்டர் 2013-ல் வாங்கியது. திரை நன்றாக இருக்கிறது. மூளைதான் மந்தம். கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸ் 10 என்ற மென்பொருளுக்கு, மைக்ரோசாஃப்ட் கம்பெனி தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு உதவி 14-10-2025 அன்று முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11 பழைய மூளைகளை ஏற்பதில்லை. அண்ணாச்சி என்ன மாற்ற வேண்டும்? மூளையை மட்டும்.

அண்ணாச்சி ஒரு சிறு பெட்டிக் கம்ப்யூட்டர் வாங்கினார். டிபன் பாக்ஸ் அளவுதான். பல மானிட்டர்களின் முதுகில் நான்கு திருகுத் துளைகள் இருக்கும். துளைக்குத் துளை பத்து சென்டிமீட்டர், அல்லது ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி. அந்தத் துளைகளில் ஒரு தாங்கியைப் பொருத்தி, சிறு பெட்டியை அதில் மாட்டலாம். பார்ப்பதற்கு ஆல்-இன்-ஒன் மாதிரியே இருக்கும். மேஜையில் இடமும் பிடிக்காது. ஆனால் எது கெட்டாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

பழசை என்ன செய்வது?

பழைய திரையையும் கம்ப்யூட்டரையும் குப்பையில் போடக் கூடாது. பழைய பெட்டி மாதிரித் திரைகளின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. முதலில் வந்த தட்டையான திரைகள் பலவற்றில் பாதரசம் கொஞ்சம் இருக்கிறது. உள்ளே இருக்கும் பச்சை அட்டையைச் செம்புக்காக எரித்தால் நச்சுப் புகை வரும். அந்தப் புகை முதலில் நம் பிள்ளைகளின் மூச்சில்தான் போகும்.

தாராவியின் 13-வது காம்பவுண்டில் பழைய பொருள்களைப் பிரித்து மறு உபயோகம் செய்கிறார்கள். பழசின் மதிப்பு தெரிந்த ஊர் நம்முடையது. ஆனால் மின்னணுக் கழிவுக்குத் தனிச் சட்ட விதிகள் இருக்கின்றன. புதிய விதிகள் 1-4-2023 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அதைப் பிரிக்கக் கொடுக்க வேண்டும். புதிது வாங்கும் கடையிலேயே, "பழசை எங்கே கொடுப்பது?" என்று கேளுங்கள்.

நல்லபடியாக ஓடும் பொருளைத் தூக்கிப் போடாமல் இருப்பது இன்னும் நல்லது.

அக்கா இப்போது

மானிட்டரை மேஜையில் வைத்தோம். கை நீட்டினால் தொடும் தூரம். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேரே. அதற்கு அடியில் இரண்டு செங்கல். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது அடி தூரத்தில் இருப்பதை இருபது விநாடி பார்க்க வேண்டும். அப்போது கண் ஓய்வு பெறும். அறைக்குள் இருபது அடி ஏது? அக்கா ஜன்னல் வழியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறார்.

இப்போது ஆர்டர் கொடுக்க வருபவர்களும் பக்கத்தில் நின்று டிசைனைப் பார்க்கிறார்கள். முழுப் பெயரும் ஒரே திரையில் தெரிகிறது.

போன மாதம் அதே பள்ளியிலிருந்து மறுபடியும் ஆர்டர் வந்தது. மகன் டிசைன் போட்டான். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரல் வைத்துப் படித்தார். பள்ளியின் பெயர் சரி. ஊரின் பெயரில் ஓர் எழுத்து இடம் மாறி இருந்தது.

"ஏ தம்பி, மிஷினைப் போடாத. இதைத் திருத்து" என்றார்.

அன்று இரவு வகுப்பில் அதை எல்லோரிடமும் சொன்னார். நான் கேட்காமலேயே கரும்பலகைக்குப் போய், அந்த ஊரின் பெயரைப் பிழையில்லாமல் எழுதினார்.

பேசுவோம், எழுதுவோம்

1. உங்கள் வீட்டு டி.வி. எத்தனை இஞ்சு? குறுக்காக அளந்து எழுதுங்கள்.

2. 60 வாட் பல்பு ஒன்று நாளுக்கு 5 மணி நேரம் எரிகிறது. பத்து நாளைக்கு எத்தனை யூனிட்?

3. 20,000 ரூபாய்க்கு, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஒரு வருட வட்டி எவ்வளவு?

4. உங்கள் வீட்டில் ஒரு பாகம் கெட்டதற்காக முழுப் பொருளையும் மாற்றியது உண்டா? வகுப்பில் சொல்லுங்கள்.